சிறுநீரகம் ஆறு மாதம் காத்திருக்காது

வட சென்னையின் எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் உழைக்கும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளி ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால், கைக்கெட்டும் பெரிய ஆஸ்பத்திரி ராயபுரம் ஸ்டான்லிதான். மூச்சுத் திணறி வருபவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அவசர சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று மேற்கு வங்க வழக்கொன்றில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்கல் அடுத்த வாரம்தான் தொடங்குகிறது. டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தடவைக்குச் சுமார் 4 மணி நேரம், பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தேவைப்படும். அரசு மருத்துவமனையில் இடம் நிரம்பிவிட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்தான் கதி. அத்திட்டம் வெளிமாநிலத்தாரை ஒதுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பதற்குத் தொழிலாளர் துறைச் சான்று இருந்தால் சேரலாம். ஆனால் காண்ட்ராக்டரின் பதிவேட்டில் பெயரே ஏறாதவருக்கு அந்தச் சான்றை யார் தருவார்?

சான்றுக்கு அலையும் நாட்களில் உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கையில் ரத்தக் குழாய்களை இணைத்துப் போடும் ஃபிஸ்டுலா பக்குவப்படவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கழுத்தில் செருகும் தற்காலிகக் குழாயே கிருமி நுழையும் வழியாகிவிடுகிறது. உயிர் ஊசலாடும்போது மட்டும் டயாலிசிஸ் என்ற முறையை அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஆவணமற்ற குடியேறிகளிடம் நடத்திப் பார்த்தன. அப்படிச் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டுக்குள் இறக்கும் அபாயம், முறையாகப் பெற்றவர்களைவிட 14 மடங்கு என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. முறையான டயாலிசிஸால் ஆளுக்கு மாதம் 5,700 டாலருக்கு மேல் மிச்சமானது என்று அடுத்த ஆண்டு டெக்சாஸ் ஆய்வு சொன்னது. கொலராடோ மாநிலம் 2019-ல் அந்த விதியையே மாற்றிக்கொண்டது.

உள்ளூர் ஏழைக்கே மிஷின் போதவில்லையே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் டயாலிசிஸ் தவறியவர் வீட்டிலேயே கிடப்பதில்லை. நள்ளிரவில் வந்து அதே மிஷினையும், கூடவே தீவிர சிகிச்சைப் படுக்கையையும் பிடிக்கிறார். இடம் மிச்சமாவதற்குப் பதில் கூடுதலாகச் செலவாகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே தருகிறது. ஆனால் பத்துத் தொழிலாளர்கள் ஷிப்ட் முறையில் படுத்தெழும் அறையில் அதற்கான சுத்தத்துக்கு எங்கே போவது? இலவசம் என்றால் கூட்டம் பெருகும் என்பதும் பொருந்தாது. இந்தத் தொழிலாளர்களை இங்கே வரவழைத்தது வேலை, நோய் அல்ல. ஆகவே டயாலிசிஸுக்கு மட்டுமாவது ஆறு மாதக் கெடுவைத் தளர்த்தி, மருத்துவமனைச் சான்றையும் ஆதாரையும் வைத்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயரைப் பதியாத காண்ட்ராக்டரிடம் கணக்குக் கேட்பது தொழிலாளர் துறையின் பொறுப்பு. அதை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது.