பொங்கடி

யானைக்குத் தமிழிலே பெயர்கள் பல. அவற்றுள் உருப்பெருமை பற்றி வந்த இரண்டு எனக்கு மிக உவப்பானவை: ஓங்கல், பொங்கடி. முன்னது மலைக்கும் பெயர். ஓங்கி நிற்றலின் வேழத்துக்கும் ஆயிற்று. பின்னது பருத்த அடியுடையது என்னும் பொருட்டு. அடியைக் கூறி விலங்கை உணர்த்திய முன்னோர் அப்பெயரை வறிதே இட்டாரல்லர். முன்னங்காற் சுற்றளவை இரட்டித்தால் தோள்வரையுள்ள உயரம் ஏறக்குறைய வந்துவிடும் என்பது பாகரும் விலங்கியலாரும் ஒப்பும் கணக்கு.

கண்டியிலே இச்சொற்களை மாணாக்கர்க்கு விளக்க நிகண்டு வேண்டுவதில்லை. தலதா மாளிகை வளாகத்தில் பாடஞ்செய்து நிறுத்தப்பட்டிருக்கும் ராஜாவின் முன் அழைத்துச் சென்றாற் போதும். எசல பெரகராவிலே பல்லாண்டு பேழை சுமந்த அக்களிறு 1986இல் தேசியச் செல்வமெனப் பிரகடனம் பெற்று, 1988இல் மாண்டது.

பின்னாளில் அப்பணியேற்ற நடுங்கமுவ ராஜாவோ பத்தரை அடி உயரம். மனிதரிடை வாழ்ந்த ஆசிய யானைகளுள் மிக உயர்ந்ததெனக் கொண்டாடப்பட்டது. ஆசியக் களிற்றின் சராசரி உயரம் ஒன்பது அடியளவே. அது பிறந்தது மைசூரிலே. இலங்கைக் களிறுகளுள் தந்தமுடையன நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாதலின், கொம்பும் பேருடலும் ஒருங்கே வாய்த்த ஒன்று இங்கே எளிதிற் கிட்டாது.

பருவமெய்திய பின்னும் நெடுங்காலம் வளர்வது களிற்றின் இயல்பு. கானகத்திலே அவ்வளர்ச்சி பகைக்களிற்றை வெல்லவும் பிடியை அடையவும் துணையாகும். நாமோ அதனைப் பேழைக்குப் பீடமாக்கினோம். விழாவைக் குறை கூறேன். கதிர்காம தேவாலயமும் பத்தினி தேவாலயமும் உடன்செல்லும் அவ்வூர்வலத்திலே முருகனையும் கண்ணகியையும் காண்பவன் யான். என் கவலையெல்லாம் வழிநடை பற்றியதே. வடிவம் மாறாது உயரம் இரட்டித்தால் உடலின் நிறை எண்மடங்காகும். தாங்கும் அடியின் பரப்போ நான்மடங்கே. பேருடலின் துன்பம் முழுதும் அடியிலே வந்து சேரும். அத்தகைய அடிகளைக் கம்பகா மாவட்டத்திலிருந்து கண்டிவரை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தார்வீதியிலே நடத்தினோம். 2015இல் ஒரு மோட்டார் சைக்கிள் மோதவிருந்து தப்பியபின், முன்னும் பின்னும் படைவீரர் காவல் சென்றனர். காவல் வந்தது, வீதி குறையவில்லை.

2022 மார்ச் 7ஆம் நாள் அது இறந்தது. அதன் உடலையும் பாடஞ்செய்து பேணுமாறு அரசு பணித்தது.