மட்டையாளரின் தன்னம்பிக்கை

மட்டையாளரின் தன்னம்பிக்கை என்பது துடுப்பாட்டம் (கிரிக்கெட்), அடிபந்தாட்டம் (பேஸ்பால்) போன்ற விளையாட்டுகளில், பந்தை எதிர்கொள்பவர் தாம் பயின்ற திறனை நம்பி ஐயமின்றி முடிவெடுத்து ஆடும் மனநிலையைக் குறிக்கும். இது பிறவிக் குணம் அன்று; பயிற்சியால் வளர்க்கத்தக்க ஒரு திறனாகும். ஒவ்வொரு பந்தையும் ஓங்கி அடிப்பது இதன் அடையாளம் ஆகாது. அடிக்கக்கூடாத பந்தை அடிக்காமல் விடுவதும் தன்னம்பிக்கையின் வெளிப்பாடே.

நேரமும் முடிவும்

துடுப்பாட்டத்தில் இரு இலக்குகளுக்கும் இடைப்பட்ட தொலைவு 22 கெசம், அதாவது 20.12 மீட்டர் ஆகும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகிறது. 1987 இல் பீட்டர் மக்லியோட் என்னும் உளவியலாளர் வெளியிட்ட ஆய்வின்படி, தரையில் பட்ட பந்து எதிர்பாராத திசையில் திரும்பினால், பன்னாட்டு ஆட்டக்காரர்களுக்கும் தம் அடியை மாற்றிக்கொள்ள ஏறத்தாழ 0.2 நொடி தேவைப்படுகிறது. 2000 இல் மைக்கேல் லாண்ட் என்பாரும் அவரும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, தேர்ந்த மட்டையாளர் பந்தை வழி முழுவதும் பின்தொடர்வதில்லை எனக் காட்டியது. பந்து கையிலிருந்து விடுபடுவதைப் பார்த்தபின், அது தரையில் படவிருக்கும் இடத்துக்கு அவர் கண்கள் முன்கூட்டியே தாவுகின்றன.

எனவே மட்டையாட்டம் பெரும்பாலும் முன்கணிப்பைச் சார்ந்தது. "ஆட்டமிழந்தால் என்ன ஆகும்" என்ற எண்ணத்துக்கு இந்த அரை நொடியில் இடமில்லை. அவ்வெண்ணம் புகுந்தால் கவனம் வீச்சாளரின் கையிலிருந்து விலகுகிறது, கால் நகரத் தயங்குகிறது, முடிவு தாமதமாகிறது.

தோல்வியின் பங்கு

மட்டையாளர் அடிக்கடி தோற்பது இவ்விளையாட்டுகளின் இயல்பாகும். அமெரிக்க அடிபந்தாட்டக்காரர் டெட் வில்லியம்சு 1941 பருவத்தில் பெற்ற அடி விகிதம் 0.406 ஆகும். பெரும் சாதனையாகக் கருதப்படும் இப்பருவத்திலும் அவர் நூற்றில் ஏறத்தாழ 59 முறை வெற்றி பெறவில்லை. தேர்வுத் துடுப்பாட்டத்தில் 99.94 சராசரி கொண்ட டொனால்ட் பிராட்மன், தாம் ஆடிய 80 இன்னிங்சுகளில் 7 முறை ஓட்டம் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். ஒருமுறை ஆட்டமிழப்பதைக் கொண்டு ஒருவருடைய திறனை அளக்க இயலாது என்பதை இளம் ஆட்டக்காரர் அறிதல் முதற்படியாகும்.

நம்பிக்கையின் ஊற்றுகள்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977 இல், ஒரு செயலைச் செய்ய இயலும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாவதாக விளக்கினார்.

1. தாமே செய்து பெற்ற வெற்றி
2. தம்மை ஒத்தவர் செய்து வெல்வதைக் காணல்
3. பிறர் கூறும் ஊக்கச்சொல்
4. உடல், உணர்வு நிலைகளைப் புரிந்துகொள்ளும் விதம்

இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. பாராட்டு மட்டும் நிலைத்த நம்பிக்கையைத் தராது. ஆட்டத்துக்கு முன் நெஞ்சு படபடப்பதைப் பலவீனம் என்று கொள்ளாமல், உடல் ஆயத்தமாவதன் அறிகுறி என்று கொள்வது நான்காம் வழிக்கு எடுத்துக்காட்டாகும்.

காவிரிப் படுகையில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட காவிரிப் படுகை மாவட்டங்களில், சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தோ பயறோ விதைக்கப்படாத வயல்கள் சிறுவர்களின் ஆடுகளங்களாகின்றன. மேட்டூர் அணையிலிருந்து நீர் வந்து குறுவைப் பணிகள் தொடங்கும் வரை ஆட்டம் நீடிக்கும். அணை சூன் 12 அன்று திறக்கப்படுவது வழமை. இங்கு வரப்பே எல்லைக்கோடு. வெடித்த களிமண்ணிலும் நெல் தாள்கட்டையிலும் பட்ட பந்து ஒரே உயரத்தில் எழுவதில்லை. இத்தகைய களம் கண்ணையும் கையையும் கூர்மையாக்கும். ஆயினும் நல்ல அடிக்கும் உரிய பலன் கிடைக்காமல் போகலாம்.

ஓவர்கள் குறைந்த டென்னிசுப் பந்துப் போட்டிகளில் பின்வரிசையில் ஆடும் சிறுவனுக்குச் சில பந்துகளே கிடைக்கும். அவற்றில் ஆட்டமிழந்தால் அடுத்த ஆட்டத்தில் இடம் கிடைக்குமா என்ற அச்சம் இயல்பானது. பள்ளி அல்லது மாவட்ட அணித் தேர்வுக்குச் செல்லும்போது மற்றோர் அச்சமும் சேர்கிறது. டென்னிசுப் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். தோல்பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. அடிபடும் என்ற அச்சம் கோழைத்தனம் அன்று. தலைக்கவசம், காலுறை, கையுறை ஆகியவற்றுடன் படிப்படியாகப் பழக்குவதே அதற்குத் தீர்வாகும். ஏளனத்தால் அவ்வச்சம் மறையாது, மறைத்து வைக்கப்படும்.

பயிற்சி முறைகள்

* படிநிலைப் பயிற்சி: அருகிலிருந்து கையால் மெதுவாக எறியப்படும் பந்தில் தொடங்கி, வேகத்தையும் பந்தின் கடினத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுதல். ஒவ்வொரு படியிலும் பெறும் வெற்றி அடுத்த படிக்கான நம்பிக்கையாகிறது.
* பந்துகளுக்கு இடையேயான ஒழுங்கு: ஓரடி விலகி, மூச்சை மெதுவாக விட்டு, முந்தைய பந்தை மறந்து, மீண்டும் நின்று வீச்சாளரின் கையை நோக்குதல்.
* குறுஞ்சொல்: "பந்தைப் பார்" போன்ற ஒரே கட்டளையை மனத்துள் கூறுதல். "ஆட்டமிழக்காதே" என்பது செய்ய வேண்டியதைக் கூறாததால் பயன் தராது.
* முடிவை மதிப்பிடல்: எடுத்த ஓட்டங்களுக்குப் பதிலாக, அடிக்கவேண்டிய பந்தை அடித்தாரா, விடவேண்டியதை விட்டாரா என்று ஏட்டில் குறித்தல். சில பந்துகளே ஆடியவருக்கும் இம்முறை பொருந்தும்.

எடுத்துக்காட்டுகள்

2003-04 ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்தின் முதல் மூன்று தேர்வுப் போட்டிகளில் சச்சின் டெண்டுல்கர் 0, 1, 37, 0, 44 ஆகிய ஓட்டங்களையே எடுத்தார். சனவரி 2004 இல் சிட்னியில் நடந்த நான்காம் போட்டியில், தம்மை ஆட்டமிழக்கச் செய்துவந்த கவர் திசை அடியைத் தவிர்த்து, ஆட்டமிழக்காமல் 241 ஓட்டங்கள் எடுத்தார். தன்னம்பிக்கை என்பது தன் குறையை அறிந்து ஆடுவதையும் உள்ளடக்கும் என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர் தினேஷ் கார்த்திக், மார்ச் 18, 2018 அன்று கொழும்பில் வங்காளதேசத்துக்கு எதிராக நடந்த நிதாகாசு கோப்பை இறுதியாட்டத்தில், 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது களமிறங்கினார். முதல் பந்தையே ஆறு ஓட்டங்களுக்கு அடித்த அவர், கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவைப்பட்டபோதும் ஆறு அடித்து இந்தியாவை வெல்லச் செய்தார். அவர் 8 பந்துகளில் 29 ஓட்டங்கள் எடுத்தார். சில பந்துகளே கிடைக்கும் நிலையிலும் தெளிவான முடிவெடுக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

பெரியோரின் பங்கு

தன்னம்பிக்கை ஆட்ட நுட்பத்துக்கு மாற்று அன்று. கற்ற நுட்பம் தேவையான நொடியில் வெளிப்பட அது வழிவிடுகிறது. பயிற்சியாளரும் பெற்றோரும் "எத்தனை ஓட்டம் எடுத்தாய்" என்பதற்கு முன் "எந்தப் பந்தை எப்படி ஆடினாய்" என வினவுவது நன்று. ஆட்டமிழந்து திரும்பும் சிறுவரையும் சிறுமியரையும் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளுதல் தவிர்க்கத்தக்கது. அடுத்த ஆட்டத்திலும் வாய்ப்பு உண்டு என்ற உறுதியை முன்கூட்டியே அளித்தால், அவர்கள் அச்சத்தை விட்டுப் பந்தைக் கவனிக்க இயலும்.