தையல் பிரியவில்லை, துணிதான் கிழிந்திருக்கிறது

பாரம் ஏற்றிப் பழகிய பிக்கப் வண்டி ஒன்று பட்டறையில் நிற்கிறது. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சேஸில் மயிரிழை போல ஒரு விரிசல். அதே இடத்தில் பழைய வெல்டிங்கும் இருக்கிறது. ஆனால் விரிசல் அதன் மேல் ஓடவில்லை, ஒட்டி ஓரமாக ஓடுகிறது. "போன தடவை வெச்ச வெல்டு இன்னும் கல்லு மாதிரி இருக்குங்க" என்கிறார் வெல்டர். உண்மைதான். தையல் பிரியவில்லை, பக்கத்துத் துணி கிழிந்திருக்கிறது.

இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். வெல்டிங் தீயின் சூடு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். உருகிய இடத்துக்கு இரு புறமும், உருகாமல் சிவக்க மட்டும் காய்ந்த மெல்லிய பட்டை ஒன்று உண்டு. வம்பு அங்கேதான். கொல்லர் பழுத்த அரிவாளைத் தண்ணீரில் முக்குகிறாரே, அந்த வேலையைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பே செய்துவிடுகிறது. கார்பன் கூடிய இரும்பென்றால் அந்தப் பட்டை கண்ணாடிபோல நொறுங்கும் பதத்துக்குப் போகும். ஆலையிலேயே பதம் போட்டு வந்த எஃகென்றால், தலைகீழாக, இளகிப்போகும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

இன்னும் விசித்திரம் ஹைட்ரஜன். ஈரம் பட்ட வெல்டிங் ராடில் எரித்தால், அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அணுக்கள் இரும்புக்குள் நுழைந்து மெதுவாக ஊர்கின்றன. இன்று மாலை பழுதில்லாமல் இருந்த வெல்டு, நாளை மறுநாள் வண்டி ஓடாமல் நிற்கும்போதே விரிசல் விடலாம். சில வகை ராடுகளைச் சூட்டடுப்பில் வைத்து எடுப்பது இதற்காகத்தான்.

எங்கே வெல்டு வைக்கக் கூடாது என்பதைக் காட்டப் பச்சை வேப்பங்குச்சி ஒன்று போதும். வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கப் பட்டை இழுபட்டுக் கிழியும், உள்பக்கம் சுருங்கும், நடுத்தண்டு சும்மா இருக்கும். சேஸின் நீளச் சட்டமும் அப்படியே. மேல் மடிப்பும் கீழ் மடிப்பும்தான் பாரத்தைச் சுமக்கின்றன. அங்கே ஓட்டை போடுவதும் குறுக்கே வெல்டு வைப்பதும் வினையைக் கூப்பிடுவது. ஒட்டுத் தகடு வைத்தாலும் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுவார்கள், சூடுபட்ட பலவீனம் முழுவதும் ஒரே கோட்டில் விழாதிருக்க.

வெல்டை ஒட்டிய இரும்பு உடைவது வண்டியோடு நிற்பதில்லை. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், அலையில்லாத துறையில் நின்ற ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல் பெருஞ்சத்தத்துடன் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. போர்க்காலக் கப்பல்கள் இப்படி உடைந்தபோது பழி முதலில் வெல்டிங் மேல்தான் விழுந்தது. கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர், குளிரில் அந்த எஃகே நொறுங்கும் குணத்துக்கு மாறுவதைக் காட்டினார். வெல்டிங்குக்கும் பங்கு உண்டு: ரிவெட் அடித்த உடலில் விரிசல் தகட்டின் விளிம்போடு நிற்கும், வெல்டு செய்த உடலில் தகடு தகடாகத் தாண்டும். பெரிய லாரிகளின் சேஸில் இன்றும் ரிவெட்டும் போல்ட்டும் இருப்பது பழமைப் பற்றால் அல்ல.

உங்கள் வண்டிக்கு இந்த வேலை வந்தால், விலை பேசுவதற்கு முன் மூன்று கேளுங்கள்: பேட்டரி வயரைக் கழற்றியாயிற்றா? எர்த் கிளாம்பு வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறதா? டீசல் டேங்கை இறக்கித் தள்ளி வைத்தாயிற்றா? காலி டேங்குதானே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெடிப்பது எண்ணெய் அல்ல, உள்ளே மிஞ்சிய ஆவி.