கடலிற் கலந்த கழிவும் நாம் செலுத்தும் கட்டணமும்

வீட்டை விட்டு வெளியேறும் அழுக்கு நீர் எங்கே செல்கிறதென நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணியே ஆகவேண்டும் என்பதை இங்கிலாந்தின் தென்கரை உணர்த்தியுள்ளது.

கென்ற், சசெக்ஸ், ஹம்ஷயர் பகுதிகளில் இயங்கும் சதேர்ண் வோட்டர் நிறுவனத்தின் சுத்திகரிப்பு நிலையங்கள், 2010 முதல் 2015 வரை ஆயிரக்கணக்கான தடவைகள் கழிவுநீரைச் சுத்திகரிக்காமலே ஆறுகளிலும் கரையோரக் கடலிலும் விட்டன. 51 குற்றச்சாட்டுகளை நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2021 யூலையில் கன்ரபரி நீதிமன்றம் 9 கோடி பவுண்கள் தண்டம் விதித்தது.

தண்டப்பணம் அரச கருவூலத்தையே சேரும். மக்களுக்குப் பணம் மீண்டது வேறொரு விசாரணையால். நீர் மாதிரி எடுக்கும் வேளைகளில் நிலையத்திலிருந்து நீர் வெளியேறாதவாறு செய்து, நிறுவனத்தினர் சோதனையைத் தவிர்த்தமை அதில் அம்பலமாயிற்று. 2019இல் நீர்த்துறை ஒழுங்காற்று அமைப்பு எடுத்த முடிவின்படி, சுமார் 12 கோடியே 30 இலட்சம் பவுண்களை வாடிக்கையாளர்களின் கட்டணத்திற் கழிக்க நிறுவனம் இணங்கியது.

நாமும் கட்டணம் செலுத்துவோரே. ஆற்றிலோ கரையிலோ கழிவைக் கண்டால், நாள், நேரம், இடம் குறித்துச் சுற்றாடல் முகவரகத்துக்கு அறிவிப்போம். நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுவோம்; தக்க மறுமொழி கிடையாவிடின் நீர் நுகர்வோர் சபையை நாடுவோம். முறையிடுவதற்குக் குடியுரிமை தேவையில்லை.