முன்பே சொல்லியிருக்கலாம்

இத்தாலியின் பொலோனியா நகரில் பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் படித்தபோது, வகுப்புத் தோழி தன் பாட்டி வீட்டு ஞாயிறு விருந்துக்கு அழைத்தார். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. அதை முன்பே சொல்லாமல் விட்டேன். கூச்சம்தான்.

நாங்கள் போனபோது பாட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தார். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. நம் சப்பாத்திக் கட்டையைவிட மிக நீளமான கட்டையால் மெல்லியதாகத் தேய்த்து, சுருட்டி, நாடா நாடாவாக வெட்டினார். அதுதான் தாலியத்தெல்லே. வெந்தபின் அது 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்று 1972ல் அந்நகர வர்த்தகச் சபையில் பதிவே செய்திருக்கிறார்கள்! தங்கத்தில் ஒரு மாதிரியும் அங்கு உண்டு.

அடுப்பில், மாட்டிறைச்சி சேர்த்த ராகூ காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் தோழியின் காதில் சொன்னேன். அவர் மொழிபெயர்த்ததும் பாட்டி கரண்டியைக் கீழே வைத்தார். கோபமா, வருத்தமா? எனக்குப் புரியவில்லை. பிறகு எதுவும் பேசாமல் எனக்கு மட்டும் தனியாக வெண்ணெயில் புரட்டித் தந்தார்.

குற்ற உணர்வில் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அது 'ப்ரீமோ' எனும் முதல் சுற்று மட்டுமே என்பது கோழி வறுவல் வந்த பிறகுதான் தெரிந்தது. வேண்டாம் என்றால் எந்த ஊர்ப் பாட்டி கேட்கிறார்?

விடைபெறும்போது தோழியிடம் ஏதோ முணுமுணுத்தார். "நேற்றே சொல்லியிருந்தால் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்துத் தோர்த்தெல்லோனி செய்திருப்பாராம். அடுத்த ஞாயிறு வருவாயா என்று கேட்கிறார்," என்றார் தோழி.