டிரையல் எடுத்தவர் ஏன் வாங்கவில்லை?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று: "ப்ராடக்ட் நல்லா இருக்கு, விலையும் சரிதான். டிரையல் எடுக்கிறாங்க, ஆனா வாங்க மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?" இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நாம் அதிகம் கண்டுகொள்ளாத ஒன்றை மட்டும் இன்னைக்குப் பேசுவோம்: டாக்குமென்டேஷன்.

முதலில் என் கதை. சில வருடங்களுக்கு முன், சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சப்போர்ட் டீமில் இருந்தேன். கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடைக்காரருக்கு டெமோ காட்டினோம், பிரமாதமாகப் போனது. சேல்ஸ் டீம் ஆர்டர் வந்துவிட்ட மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்கள். டிரையல் முடிந்தது. அவரிடமிருந்து போனே இல்லை. நானே கூப்பிட்டேன்.

"தம்பி, பழைய ஸ்டாக் லிஸ்ட்டை ஏத்தணும்னு ஞாயித்துக்கிழமை ராத்திரி உக்காந்தோம். உங்க ஹெல்ப் பேஜ்ல நாலாவது ஸ்டெப்புல ஒரு பட்டனை அழுத்தச் சொல்லுது. அந்தப் பட்டனே ஸ்க்ரீன்ல இல்ல. வாங்கறதுக்கு முன்னாடியே இப்படின்னா, வாங்கினதுக்கு அப்புறம் யாரைக் கேக்கறது?"

ஒரு அப்டேட்டில் அந்தப் பட்டனை வேறு மெனுவுக்கு மாற்றியிருந்தோம். பேஜை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய ஆள் நான்தான்.

அவர் சொன்னதைக் கவனிங்க. ஒரு பட்டன் இல்லாததை வைத்து, நாளைக்கு எங்கள் சப்போர்ட் எப்படி இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். வாங்காத ஒருவர் நம் கம்பெனியை உள்ளிருந்து பார்க்க முடியாது. அவர் கையில் இருப்பது டிரையலும் ஹெல்ப் பேஜும்தான். சேல்ஸ் ஆள் தூங்கும் நேரத்தில் அவருக்குப் பதில் சொல்வதும் அந்த பேஜ்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட கம்பெனி ஸ்ட்ரைப். அயர்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் காலிசன், ஜான் காலிசன் என்ற சகோதரர்கள் தொடங்கியது. 2011-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் அமெரிக்காவில் ஒரு வெப்சைட்டில் கார்டு பேமென்ட் வாங்க வேண்டும் என்றால் வங்கியில் தனிக் கணக்கு, பேமென்ட் கேட்வே, விண்ணப்பம், காத்திருப்பு என்று இழுக்கும். ஸ்ட்ரைப் பக்கத்தில் விளக்கம் ஒரு புறம், அப்படியே காப்பி பண்ணக்கூடிய கோட் மறுபுறம். லாகின் செய்திருந்தால் உங்களுடைய டெஸ்ட் கீயே அந்தக் கோடில் நிரப்பப்பட்டிருக்கும். 4242 4242 4242 4242 என்று ஒரு போலி கார்டு நம்பரும் தருவார்கள். அதைப் போட்டு ஓட்டினால் பேமென்ட் வெற்றி என்று வரும். நிஜப் பணம் ஒரு பைசா நகராது, ஆனால் "இது வேலை செய்யுது" என்பதை டெவலப்பர் தன் கண்ணால் பார்த்துவிடுவார். அதற்குப் பிறகு சேல்ஸ்மேன் சொல்ல என்ன மிச்சம் இருக்கு?

ட்விலியோவும் இதே வழிதான். மெசேஜ், போன் கால் வசதிகளை மற்ற சாஃப்ட்வேருக்குள் சேர்க்க ஏபிஐ விற்கும் கம்பெனி. "உங்க டெவலப்பரைக் கேளுங்க" என்ற அர்த்தத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் பெரிய விளம்பரப் பலகையே வைத்தார்கள். செக்கில் கையெழுத்துப் போடுவது முதலாளி. ஆனால் "இது நமக்கு ஒத்து வரும்" என்று அவரிடம் சொல்லப்போவது டாக்குமென்டேஷனைப் படித்த டெவலப்பர்.

"குறைகளையும் எழுதினால் விற்பனை போயிடாதா?" என்று கேட்பீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் லாகின் செய்யலாம், எவ்வளவு பெரிய ஃபைலை ஏற்றலாம், எது முடியவே முடியாது, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒத்துவராதவர் முதல் நாளே விலகுவார். மறைத்து விற்றால் அவரே மூன்றாவது மாதம் ரீஃபண்ட் கேட்டு வருவார். சந்தா முறையில் விற்கிற எல்லோருக்கும் இது தெரியும்: ஒவ்வொரு ரினியூவலும் இன்னொரு விற்பனை.

ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மோசமான ப்ராடக்டை டாக்குமென்டேஷன் காப்பாற்றாது. ஆனால் நல்ல ப்ராடக்டை மோசமான டாக்குமென்டேஷன் நிச்சயம் கவிழ்த்துவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்கள் ப்ராடக்டைப் பார்த்தே இராத ஒரு நண்பரை உட்கார வைத்து, ஹெல்ப் பேஜை மட்டும் கொடுங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது. அவர் எந்த ஸ்டெப்பில் நிற்கிறார், முதல் பில்லைப் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் நின்ற இடத்தில்தான் உங்கள் டிரையல் கஸ்டமர்களும் நிற்கிறார்கள். அதைச் சரிசெய்த பிறகு, இனி வரும் ஒவ்வொரு அப்டேட்டிலும் "ஹெல்ப் பேஜ் மாத்தியாச்சா?" என்ற ஒரு வரியை செக்லிஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள்.

அந்தத் துணிக்கடைக்காரர் திரும்பி வரவில்லை. அந்த ஒரு வரி மட்டும் எங்கள் செக்லிஸ்ட்டில் அன்றே ஏறியது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.