ஹெரோயினும் ஐஸும் சேர்ந்து பிடித்தவருக்கு மருந்து உண்டா?

"தம்பி, இதுக்கு ஒரு மருந்தும் இல்லையோ?" என்று கேட்டார் ஊரிலுள்ள ஒரு தாய். மகனுக்கு முதலில் ஹெரோயின், பிறகு ஐஸ். இப்போது இரண்டும். ஆனால் 'புனர்வாழ்வு' என்றால் அவருக்கு நடுக்கம். போர் முடிந்ததும் அவருடைய தம்பியைக் கொண்டுபோனதும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான். அவருக்காகத் தேடி வாசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

ஹெரோயின் ஒப்பியொயிட் வகையைச் சேர்ந்தது. அது மூச்சை மந்தமாக்கும். நிறுத்தினால் உடல் நோவு, வாந்தி, வயிற்றோட்டம் வரும். இதற்கு மெத்தடோன், புப்ரெனோர்பின் என்ற மருந்துகள் உண்டு. இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன.

ஐஸ் என்னும் மெதம்பெற்றமின் இதற்கு நேர்மாறான ஊக்கி வகை. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும், நித்திரையைக் கெடுக்கும். இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஆகவே இரண்டையும் பாவிப்பவருக்கு ஹெரோயினுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தால் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

இரண்டையும் ஒரே மருந்தால் தடுக்கலாமா என்று ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் பரிசோதித்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. ஹெரோயினுக்கும் அம்பெற்றமினுக்கும் அடிமையான 100 பேர் அதில் பங்குபற்றினர். ஒரு பகுதியினரின் தோலுக்கடியில் நல்ரெக்சோன் மருந்து வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. நல்ரெக்சோன் மூளையில் ஒப்பியொயிட் சென்று ஒட்டும் இடங்களை அடைத்துவிடும். ஊக்கிகள் தரும் இன்பத்திலும் அந்த இடங்களுக்குப் பங்குண்டு என்பதால்தான் இந்த முயற்சி.

பத்து வாரத்தின் பின், மருந்து பெற்றவர்களில் 52 வீதத்தினர் சிகிச்சையில் நிலைத்திருந்தனர். மற்றவர்களில் 28 வீதத்தினர். போதைப்பொருள் இல்லாத சிறுநீர் மாதிரிகள் முறையே 38, 16 வீதம். வித்தியாசம் பெரிது. ஆனாலும் மருந்து பெற்றவர்களிலும் அரைவாசிப் பேர் வரை இடையில் விலகிவிட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

இதில் ஆபத்தும் உண்டு. உடலில் ஹெரோயின் இருக்கும்போது நல்ரெக்சோன் கொடுத்தால் கடுமையான விலகல் உபாதை வரும். ஒரு வாரம், பத்து நாளாவது ஹெரோயின் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். மருந்தின் வலு தீர்ந்தபின் பழைய அளவை எடுத்தால் உடல் தாங்காது, உயிரே போகலாம். சிறையிலிருந்தோ முகாமிலிருந்தோ வெளியே வருபவருக்கும் இதே ஆபத்துத்தான். பிள்ளை வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களே மிகக் கவனமாக இருக்கவேண்டிய காலம்.

"முழுசா மாத்திற மருந்து இல்லை அக்கா. ஆனா மருந்தே இல்லை எண்டும் இல்லை" என்று அந்தத் தாயிடம் சொன்னேன். "ஹெரோயின் மட்டுமில்லை, ஐஸும் எடுக்கிறான் எண்டதை வைத்தியரிட்ட மறைக்காதேங்கோ. அதுதான் முதல் வேலை."

ஊர் என்ன சொல்லும் என்று இத்தனை நாளும் அதைத்தான் அவர் மறைத்து வைத்திருந்தார்.